குழாய் இணையாத ட்ரைசூட்: மெக்டொனால்ட் ஏரி, 2020 நவம்பர் 1

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள ஏரிகளில் பெரியது மெக்டொனால்ட் ஏரி. நீளம் சுமார் 16 கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 140 மீட்டருக்கு மேல், கடல் மட்டத்திலிருந்து உயரம் ஏறக்குறைய 960 மீட்டர். 2020 நவம்பர் 1 அன்று மாலை, ஸ்கூபா வகுப்பு ஒன்றின் நடுவில் 18 வயதுப் பெண் ஒருவர் இந்த ஏரியில் இறந்துபோனார்.

ஸ்கூபா விபத்து என்றதும் காற்று தீர்ந்துபோனது, சுறா வந்தது, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) மக்கர் செய்தது என்றுதான் நமக்குத் தோன்றும். இந்த வழக்கின் மையத்தில் இருப்பது வேறு: ஒன்றோடொன்று பொருந்தாத சாமான்களை ஓர் ஆள் மேல் மாட்டி இறக்கிவிட்டது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அவை எல்லாம் சாதாரணச் சாமான்கள்தான். ஆபத்து அவை சேரும் இடத்தில் இருந்தது. புதிதாக டைவிங் கற்றுக்கொள்கிற யாரும் எந்த பிராண்ட் வாங்கலாம், எந்தக் கடை மலிவு என்று யோசிப்பதற்கு முன்னால் இந்த நிகழ்வைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நடந்தது

அந்தப் பெண்ணிடம் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இருந்தது. டைவிங் சான்றிதழ் தரும் பி.ஏ.டி.ஐ. என்ற அமைப்பின் முறையில் அது 18 மீட்டர் வரை இறங்குவதற்கான முதல் படி. அடுத்த படியான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் வகுப்புக்காக மிசூலா நகரத்தில் ஒரு டைவ் கடையில் சேர்ந்திருந்தார். ‘அட்வான்ஸ்டு’ என்ற பேரை வைத்து அனுபவத்தை எடை போடக்கூடாது. ஐந்து டைவ் செய்து முடித்தால் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆழத்துக்கு ஒன்று, திசையறிவதற்கு ஒன்று, இரண்டும் கட்டாயம். மீதி மூன்றையும் விருப்பம்போல எடுக்கலாம். முதல் சான்றிதழ் வாங்கிய அடுத்த வாரமே இந்த வகுப்பில் சேர்ந்துவிட முடியும். ஆக, இந்த வகுப்பில் இருப்பவர் பெரும்பாலும் புதிய டைவர்தான்.

நவம்பர் மாதத்து மொன்டானா ஏரி வெட்சூட்டுக்கு, அதாவது வழக்கமான நனையும் ரப்பர் உடைக்கு, அடங்காத குளிர். அதற்காக அவர் ஏற்கனவே ஒருவர் பயன்படுத்திய ட்ரைசூட் ஒன்றை, தண்ணீர் உள்ளே புகாத உடையை, வாங்கியிருந்தார். ட்ரைசூட் போட்டுக்கொண்டு அதற்கு முன் அவர் தண்ணீரில் இறங்கியதில்லை. கடையிலிருந்து வந்த ரெகுலேட்டரில் அந்த ட்ரைசூட்டின் வால்வில் மாட்டக்கூடிய குழாய் இல்லை. அந்தக் குழாய் இல்லாமலே அவர் இறங்கினார். உடம்பில் 44 பவுண்டு ஈயம் இருந்தது. கிட்டத்தட்ட 20 கிலோ. அது வெயிட் பெல்ட்டிலோ, இழுத்தால் கழன்று விழும் பைகளிலோ இல்லை. ட்ரைசூட்டின் ஜிப் வைத்த பைகளிலும் பி.சி.டி.யின் (காற்றேற்றி மிதக்க உதவும் ஜாக்கெட்) பைகளிலும் போடப்பட்டிருந்தது.

கீழே போகப் போக உடை அவரை நெருக்கியது, அவர் மூழ்கிக்கொண்டே போனார். உடன் வந்த இன்னொரு மாணவர் கவனித்து அவரிடம் நீந்திப் போனார். மேலே தூக்கப் பார்த்தார், நடக்கவில்லை. ஈயத்தைக் கழற்றிவிடத் தேடினார், கழற்றும் பிடி கிடைக்கவில்லை. பி.சி.டி.யையே கழற்றப் பார்த்தார். இருவரும் ஆழத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த நிலையில், ஒரு கட்டத்துக்கு மேல் அந்த மாணவர் தன் உயிரைக் காத்துக்கொள்ள மேலே வர வேண்டியதாயிற்று.

2021இல் அந்தப் பெண்ணின் பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். கேட்ட இழப்பீடு 1.2 கோடி டாலர். கடை, பயிற்றுநர், சான்றிதழ் அமைப்பான பி.ஏ.டி.ஐ. எல்லாரும் அதில் பிரதிவாதிகள். ட்ரைசூட் பயிற்சி கொடுக்கும் தகுதி பயிற்றுநருக்கு இல்லை, ஆழமில்லாத நீரில் முன்பயிற்சி தரப்படவில்லை என்பவை வழக்கு மனுவின் முக்கியக் குற்றச்சாட்டுகள். சட்டப்படி யார் மேல் எவ்வளவு பொறுப்பு என்பது நீதிமன்றத்தின் வேலை. இங்கே நான் பார்க்கப்போவது தண்ணீருக்குள் என்ன நடந்தது, அதைக் கரையிலேயே எங்கே நிறுத்தியிருக்கலாம் என்பது மட்டும்.

ட்ரைசூட் எப்படி வேலை செய்கிறது

புதுச்சேரியிலோ அந்தமானிலோ கற்றுக்கொண்டவர்கள் ட்ரைசூட்டைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெட்சூட் என்பது நனையும் உடை. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் புகுந்த தண்ணீரை உடம்புச் சூடு கொஞ்சம் வெதுவெதுப்பாக்கும், அவ்வளவுதான். ட்ரைசூட்டில் தண்ணீர் உள்ளேயே வராது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். உள்ளே கம்பளி மாதிரி தடித்த உடை, அதற்குள் நிறையக் காற்று. குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான்.

காற்று என்றால் அழுத்தத்துக்குச் சுருங்கும். அதற்காகத்தான் மார்பில் ஒரு வால்வு. ரெகுலேட்டரின் முதல் நிலையிலிருந்து (சிலிண்டரில் மாட்டும் பகுதி) ஒரு மெல்லிய குழாய் வந்து அந்த வால்வில் மாட்டும். இறங்க இறங்க டைவர் பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, சிலிண்டர் காற்றை உடைக்குள் விட்டுக்கொண்டே போவார். ஏறும்போது தோள்பக்க வால்வு வழியாக அதே காற்றை வெளியே விடுவார். இந்த இரண்டு வேலையும் நடந்தால்தான் அது ட்ரைசூட். குழாய் இல்லாவிட்டால் அது காற்றை உள்ளே பூட்டி வைத்த ஒரு பை.

அந்தப் பை கீழே போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பார், மெக்டொனால்ட் ஏரியின் உயரத்தில் சுமார் 0.9 பார். நன்னீரில் 18 மீட்டர் இறங்கினால் தண்ணீர் அதன் மேல் இன்னும் ஏறக்குறைய 1.8 பார் சேர்க்கும். மொத்தம் 2.7 பார், அதாவது கரையில் இருந்ததைப்போல மூன்று மடங்கு. உடைக்குள் கரையில் 9 லிட்டர் காற்று இருந்ததாக ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 18 மீட்டரில் அது 3 லிட்டர். போன 6 லிட்டரோடு 6 கிலோ மிதப்பும் போயிற்று. நன்னீரில் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் இந்தக் கணக்கு மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

மிதப்பு போவது பாதிதான். காற்று சுருங்கும்போது உடைத்துணி மடிந்து மடிந்து உடம்பில் ஒட்டும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றுகிற பட்டை எப்படி இறுக்குகிறது? அதே இறுக்கம் தொடை, அக்குள், மார்பு எல்லா இடத்திலும். மடிப்புகள் தோலைக் கவ்வும். மார்புக்கூடு விரிய இடமில்லாமல் மூச்சு மேலோட்டமாகும். கையைத் தூக்கி எதையாவது எட்டிப் பிடிப்பதே சிரமமாகும். ட்ரைசூட் டைவர்கள் இதை ஸ்க்வீஸ் என்பார்கள். குழாய் இருந்தால் பொத்தானை ஒரு வினாடி அழுத்தினால் தீர்ந்துவிடும் தொந்தரவு இது. முதல் ட்ரைசூட் வகுப்பில் முதல் பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் இது லேசாக வரும், பொத்தானை அழுத்தினதும் போகும். ட்ரைசூட்டை முதலில் ஆழமில்லாத நீரில் பழக்கவேண்டும் என்று பி.ஏ.டி.ஐ. விதியிலேயே இருப்பது இதற்காகத்தான். ஆழமில்லாத நீச்சல்குளத்தில் ஸ்க்வீஸ் வந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம்.

20 கிலோ ஈயம்

ட்ரைசூட்டுக்கு வெட்சூட்டைவிட அதிக ஈயம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. உள்ளே அவ்வளவு காற்று இருக்கும்போது அதை மூழ்கடிக்க எடை வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எடை போடப்படுவது காற்றின் மிதப்பை ஈடுகட்ட. காற்று சுருங்கிப்போன பிறகும் ஈயம் அதே ஈயம்தான். 20 கிலோ ஈயம் தன் இடத்துக்கு ஒதுக்கும் தண்ணீர் இரண்டு லிட்டருக்கும் குறைவு. ஆகவே தண்ணீருக்குள் கிட்டத்தட்ட 18 கிலோ கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

பி.சி.டி.யில் காற்றேற்றிச் சமாளிக்க முடியாதா என்று கேட்கலாம். பி.சி.டி.க்கு ஒரு கொள்ளளவு உண்டு. பெரும்பாலான ஜாக்கெட் வகை பி.சி.டி.கள் அளவைப் பொறுத்து 10 முதல் 20 கிலோ வரைதான் தூக்கும். சின்ன அளவுகள் இன்னும் குறைவான பக்கத்தில் இருக்கும். மெலிந்த ஆளுக்குச் சின்ன அளவுதான் பொருந்தும், ஆனால் ட்ரைசூட்டின் கனத்த ஈயத்துக்குப் பெரிய மிதப்பு வேண்டும். கடையில் பி.சி.டி. தேர்ந்தெடுக்கும்போது தோளுக்கும் இடுப்புக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். எவ்வளவு ஈயத்தோடு, எந்த உடையோடு இது போகப்போகிறது என்று கூட்டிப் பார்ப்பவர் குறைவு. அப்படியே பி.சி.டி. போதுமான அளவு தூக்கினாலும் உடையின் நெருக்கம் அதனால் தீராது.

ட்ரைசூட் மாணவர்களிடம் அடிக்கடி நடக்கும் ஒன்று இருக்கிறது. உடைக்குள் காற்றைச் சரியாக வெளியேற்றாமல் தண்ணீரில் நிற்பார்கள், மூழ்க மாட்டார்கள். “இன்னும் ரெண்டு கிலோ போடு” என்பார் கூட இருப்பவர். மறுபடி மூழ்காது, மறுபடி ரெண்டு கிலோ. உண்மையில் செய்ய வேண்டியது குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விரலால் லேசாக விலக்கி, காற்றை வெளியே பிழிந்துவிடுவது. எடை சரிதானா என்று பார்க்க எல்லாருக்கும் சொல்லித்தரும் முறை ஒன்றே: சிலிண்டர் கிட்டத்தட்டக் காலியாக, 35 முதல் 50 பார் வரை இருக்கும்போது, பி.சி.டி. காலி, சாதாரண மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தால் கண் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். இதைச் செய்யாமல் குத்துமதிப்பாகப் போட்ட ஈயம் யார் மேல் இருந்தாலும் ஆபத்துதான்.

ஈயம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருந்தது என்பது இந்த நிகழ்வில் எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. வெயிட் பெல்ட்டின் பக்கிள் ஒரு கையால் தட்டினால் திறக்கும். எடைப்பை உள்ள பி.சி.டி.யில் இடுப்பின் இரு பக்கமும் கைப்பிடி இருக்கும், இழுத்தால் பை முழுதாக விழும். இரண்டுமே ஒரே நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவை: யோசிக்க நேரமில்லாதபோது, கையுறை போட்ட கையால், தானோ அடுத்தவரோ ஈயத்தை விட்டுவிட முடியவேண்டும். ஜிப் போட்ட தொடைப்பையில் இருக்கும் ஈயத்துக்கு இது கிடையாது. காப்பாற்ற வந்த மாணவரின் கை இடுப்பில் பக்கிளைத் தேடியிருக்கும், பக்கவாட்டில் கைப்பிடியைத் தேடியிருக்கும், ஏனென்றால் அவருக்குக் கற்பித்தது அதுதான். இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை.

டைவுக்கு முன்னால் ஜோடியாக நின்று செய்யும் பரிசோதனை எல்லா முதல் வகுப்பிலும் உண்டு. பி.சி.டி., எடை, பக்கிள்கள், காற்று, கடைசியில் ஒட்டுமொத்தமாக ஒரு பார்வை. பலர் இதை வரிசையாக ஒப்பித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். எடையும் பக்கிளும் அதில் தனித்தனிப் படிகளாக இருப்பதன் அர்த்தமே, உன் ஈயத்தை நான் எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியவேண்டும் என்பதுதான். அந்தக் கேள்வியை அன்றைக்குக் கரையில் ஒருவர் நிஜமாகவே கேட்டு, கை வைத்துப் பார்த்திருந்தால் விடை இல்லை என்பது அங்கேயே தெரிந்திருக்கும்.

ஒரு குழாயின் விலை

குழாய் விஷயத்துக்கு வருவோம். ரெகுலேட்டரின் முதல் நிலை, சிலிண்டர் மேல் உட்காரும் அந்த உலோகக் கட்டி. அதில் இரண்டு வகைத் துளைகள் இருக்கும். சிலிண்டரின் முழு அழுத்தமும் வருபவை ஒன்றோ இரண்டோ. பிரஷர் கேஜ் அதில்தான் மாட்டும். குறைந்த அழுத்தத்துக்கு நான்கு அல்லது ஐந்து. வாயில் வைக்கும் இரண்டாம் நிலை, அவசரத்துக்கான ஆக்டோபஸ், பி.சி.டி. குழாய், ட்ரைசூட் குழாய் எல்லாம் இதிலிருந்து. இரண்டு வகைத் துளைக்கும் மரை அளவு வேறு. மாற்றி மாட்டவே முடியாது, நல்ல ஏற்பாடு.

முதல் நிலைப் பக்கம் எல்லா பிராண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மரை. தலைவலி மறு முனையில். குழாயின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். அதைப் பின்னால் இழுத்து, வால்வின் முனையில் செருகி, விட்டால் ‘க்ளிக்’ என்று உட்காரும். பிறகு ஒரு தரம் இழுத்துப் பார்த்து, பொத்தானை அழுத்தி காற்று போகிறதா என்று கேட்க வேண்டும். இந்த முனைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ட்ரைசூட் வால்வுகளில் இரண்டு மூன்று வகை உண்டு. ஒரு வகைக் குழாய் இன்னொன்றில் உட்காராது. பழைய உடை ஒருவரிடமிருந்து, ரெகுலேட்டர் வேறொரு இடத்திலிருந்து என்று சேர்க்கும்போது பொருந்தாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

தீர்வு மிகச் சின்னது. சரியான குழாய் ஒன்றின் விலை சில பத்து டாலர்கள். முதல் நிலையின் மூடியை ஆலன் கீ வைத்துத் திருகி எடுத்து, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தைப் பார்த்து, குழாயைக் கையால் திருகி, ஸ்பேனரால் லேசாக இறுக்கினால் முடிந்தது. பழகியவருக்கு ஐந்து நிமிட வேலை. கடையின் மேஜையில் உடையையும் ரெகுலேட்டரையும் பக்கத்தில் வைத்து ஒரு தரம் மாட்டிப் பார்த்திருந்தால் போதும். மிசூலாவிலிருந்து மெக்டொனால்ட் ஏரிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கார்ப்பயணம். அவ்வளவு தூரம் வந்து, கூட்டத்தோடு கரையில் நிற்கும்போது, வெளிச்சமும் குறைந்துகொண்டு வரும்போது “குழாய் இல்லை, இவர் இன்றைக்கு இறங்க வேண்டாம்” என்று சொல்வது யாருக்கும் கஷ்டம்தான். கஷ்டமானாலும் அதைச் சொல்வதுதான் பயிற்றுநரின் வேலை.

பொருந்தாத இணைப்பு உயிர் வாங்கும் என்பதற்கு இன்னொரு உதாரணம் சிலிண்டர் வால்வு. உலகம் முழுக்கப் புழங்கும் சிலிண்டர் கழுத்து மரைகளில் எம்25 என்ற மெட்ரிக் அளவும், முக்கால் அங்குல அளவும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எம்25 வால்வை முக்கால் அங்குல சிலிண்டரில் திருகினால் உட்காரும், காற்று நிரப்பினால் சில நேரம் தாங்கவும் செய்யும். பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் 200 பார் அழுத்தம் வால்வைப் பிய்த்துக்கொண்டு வெளியே அடிக்கும். இப்படிக் காயம்பட்டவர்களும் இறந்தவர்களும் இருக்கிறார்கள். வால்வும் நல்ல வால்வு, சிலிண்டரும் நல்ல சிலிண்டர்.

கடையிடம் நாம் எதை வாங்குகிறோம்

டைவ் கடை என்பது விநோதமான வியாபாரம். ஒரே ஆள் சாமான் விற்பார், வாடகைக்கு விடுவார், கம்ப்ரஸரில் காற்று நிரப்புவார், வகுப்பு எடுப்பார், சான்றிதழும் கொடுப்பார். வகுப்புக் கட்டணத்தில் பெரிய லாபம் நிற்காது, சாமானிலும் வாடகையிலும்தான் பிழைப்பு. பயிற்றுநர்கள் பல இடங்களில் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்குகிறவர்கள். அவர்களில் பலரும் வேலைக்குப் புதியவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனதோடு நேர்மையாக இதை நடத்துகிறவர்கள் நிறைய. ஆனால் மாணவர் அங்கே பணம் கொடுத்து வாங்குவது சிலிண்டரையும் அட்டையையும் மட்டுமில்லை. தனக்குத் தெரியாததைத் தெரிந்த ஒரு ஆள் தன் மேல் உள்ள ஒவ்வொரு சாமானையும் கூட்டிப் பார்ப்பார் என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

ட்ரைசூட்டே போட்டிராத ஒருவருக்கு அந்தக் குழாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எப்படித் தெரியும்? 44 பவுண்டு அதிகமா சரியா என்று ஒப்பிட அவரிடம் என்ன இருந்தது? இந்த நிகழ்வைப் பேசும்போது “அவரே மறுத்திருக்கலாமே” என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. எந்த டைவையும் எந்தக் காரணத்துக்காகவும் யாரும் நிறுத்தலாம் என்ற விதி உண்மைதான், நல்ல விதிதான். ஆனால் ஆபத்து இன்னது என்று தெரிந்தால்தான் அந்த விதியை எடுத்துப் பயன்படுத்த முடியும். தெரியவைப்பதுதான் கடையின் கடமை. பழைய உடையை மாணவர் வேறெங்காவது வாங்கி வந்திருந்தாலும், வகுப்புக்குள் அதைப் போட்டுக்கொண்டு வரும் நிமிடத்திலிருந்து அதைப் பார்க்கும் பொறுப்பு பயிற்றுநருடையது.

புதுச்சேரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். படகு கிளம்புவதற்கு முன் மாணவரைக் கண்ணை மூடச் சொல்வார். “உன் வெயிட்டைக் கழட்டு” என்பார். கழற்றியதும், அதே கண்ணை மூடியபடி, “இப்ப பக்கத்துல நிக்கிறவரோட வெயிட்டைக் கழட்டு.” எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், படகுக்காரர் அவசரப்படுத்தினாலும் இதை விடமாட்டார். அன்றைக்கு அது ஒரு சடங்காகத்தான் எனக்குத் தெரிந்தது. மெக்டொனால்ட் ஏரி நிகழ்வைப் படித்த பிறகு அதன் முழுக் கனமும் புரிந்தது.

நம்மவர்களுக்கு

டொராண்டோவிலிருந்து டோபர்மோரிக்கும், லண்டனிலிருந்து ஸ்டோனி கோவ் குவாரிக்கும் டைவ் பண்ணப் போகிற தமிழர்களுக்கு இது நேரடியாகவே பொருந்தும். ஹூரான் ஏரித் தண்ணீரும் இங்கிலாந்துக் குவாரித் தண்ணீரும் ட்ரைசூட் தண்ணீர். பழைய ட்ரைசூட் பாதி விலைக்குக் கிடைக்கும்போது வாங்கலாம், தப்பில்லை. ஆனால் விற்பவரிடம் குழாயையும் சேர்த்துக் கேளுங்கள். கழுத்து, மணிக்கட்டுப் பட்டைகளின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஜிப் முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். ட்ரைசூட் வகுப்பைத் தனியாக, ட்ரைசூட் கற்பிக்கும் தகுதி உள்ளவரிடம், குளத்தில் ஆரம்பித்து எடுங்கள். புது உடை, புது இடம், அதிக ஆழம், மங்கிய வெளிச்சம் இவற்றில் இரண்டுகூட ஒரே நாளில் சேரக்கூடாது. வகுப்பு அட்டவணை சேர்க்கச் சொன்னாலும் தேதியை மாற்றக் கேளுங்கள்.

புதுச்சேரி, கோவளம், ஹேவ்லாக், திருகோணமலை என்று வெதுவெதுப்பான கடலில் போகிறவர்களுக்கு ட்ரைசூட் கவலை இல்லை. பொருந்தாமைக்கு அங்கேயும் பஞ்சமில்லை. சொந்த ரெகுலேட்டர் டின் வகையாக (வால்வுக்குள் திருகுவது) இருக்கும், கடையின் சிலிண்டர்கள் யோக் வகையாக (வால்வைச் சுற்றிக் கவ்வுவது) மட்டும் இருக்கும். அடாப்டர் இல்லாவிட்டால் சொந்த ரெகுலேட்டர் பையிலேயே இருக்க வேண்டியதுதான். வெட்சூட்டில் ஒரு கடல், வெறும் டி-ஷர்ட்டில் ஒரு கடல் என்று போகும்போது போனமுறை எடையையே மறுபடி சொல்லிவிடுவோம். நன்னீரில் பழகியவர் கடலுக்கு வந்தால் இரண்டு மூன்று கிலோ கூடுதலாகத் தேவைப்படும். போதாததற்கு, அலுமினிய சிலிண்டர் காற்று தீரத் தீர மிதக்கத் தொடங்கும், அதனால் டைவின் கடைசியில் நிற்க வேண்டிய ஐந்து மீட்டரில் நிற்க முடியாமல் மேலே போகும் ஆட்களையும் பார்க்கலாம். இதெல்லாம் கடைக்காரரிடம் முன்னாலேயே பேசவேண்டிய விஷயங்கள்.

நம் ஊரில் கேட்கத் தயங்குவோம். சார் இத்தனை வருஷம் டைவ் பண்றவர், அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிடுவோம். கேட்கும் விதத்தில் மரியாதைக்குக் குறை வைக்க வேண்டியதில்லை. “அண்ணே, இந்த வெயிட்டை எப்படிக் கழட்டுறதுன்னு ஒரு தடவை காட்டுங்க.” “இந்த பி.சி.டி. எத்தனை கிலோ தூக்கும்?” “ரெகுலேட்டர் கடைசியா எப்ப சர்வீஸ் ஆச்சு?” இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கடை நல்ல கடை. சாமானை எடுத்துவந்து கையில் கொடுத்தே காட்டுகிற கடை இன்னும் நல்லது. “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்று மட்டும் சொன்னால் கட்டிய முன்பணத்தை மறந்துவிட்டு அடுத்த கடையைப் பாருங்கள்.

கடைசியாக, மெக்டொனால்ட் ஏரிச் சிக்கலின் வெப்பக்கடல் வடிவம் ஒன்று. சில பி.சி.டி.களில் காற்றேற்றும் கருவியும் அவசர ரெகுலேட்டரும் ஒன்றாகவே இருக்கும், ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் ஏர்2 மாதிரி. அதன் குழாய் முனை வழக்கமானதைவிட அகலம். அப்படிப்பட்ட பி.சி.டி.யைச் சொந்தமாக வாங்கி, ரெகுலேட்டரை மட்டும் ஊரில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் படகில்தான் கண்டுபிடிப்பார்கள், கடையின் குழாய் மாட்டாது என்று. குழாய் இல்லாத பி.சி.டி.யில் வாயால் ஊதித்தான் காற்றேற்ற வேண்டும், அந்தக் கருவியிலிருந்து அவசரத்துக்கு மூச்சும் கிடைக்காது. அதனால் பயணத்துக்கு முன் அந்தக் குழாயையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டைவுக்கு முந்தைய நாள் மாலையே கடைக்குப் போய், வாடகை ரெகுலேட்டரின் குறைந்த அழுத்தத் துளையில் அதைத் திருகச் சொல்லுங்கள். அங்கேயே சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திறந்து, பி.சி.டி. முழுவதும் உப்பும்வரை பொத்தானை அழுத்திப் பாருங்கள், கசிவுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். சரியாக இருந்தால், அந்த செட்டில் உங்கள் பெயரை எழுதி ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.